சின்ன ஊருக்கு மங்கிய கண் போதாது

சின்ன ஊருக்குச் சின்னச் சோதனை போதும் என்றொரு கருத்து நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. இவ்வளவு பச்சையாக யாரும் சொல்வதில்லை. "முதலில் அடிப்படை வசதி வரட்டும், நவீனமெல்லாம் அப்புறம்" என்பார்கள். "கிராமத்துக்கு வேண்டியது மருத்துவரும் மாத்திரையும்தான், லேசரா கேட்டார்கள்?" என்பார்கள். "ஒரு துளி ரத்தத்தில் ஒற்றை மூலக்கூறைத் தேடுவதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்து ஆடம்பரம்" என்பார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பொது சுகாதாரத்துக்காக வாழ்நாளைக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. நல்லவர்கள் சொல்வதாலேயே இந்தக் கருத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். நோய் உடம்பில் விட்டுச்செல்லும் தடயத்தை மருத்துவர்கள் பயோமார்க்கர் என்கிறார்கள். அது கிருமியின் மரபுப் பொருளாக இருக்கலாம், சிறுநீரில் கசிந்த புரதமாக இருக்கலாம், ரத்தத்தில் குறைந்துபோன ஆக்சிஜனாகவும் இருக்கலாம். அந்தத் தடயம் மிகச் சிறிய அளவில் இருக்கும்போதே ஒளியைக் கொண்டு கண்டுபிடிக்கும் சோதனைகள் இன்று இருக்கின்றன. அவை முதலில் வந்து சேர வேண்டிய இடம் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்தான். சென்னைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் அங்கே வேறு வழி இருக்கிறது. இங்கே தாமதமானால் வேறு வழி இல்லை.

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில் உள்ள பேரூராட்சி. ஒரு வட்டத்தின் தலைமையிடம். சுற்றிலும் நெல், மல்லாட்டை, கரும்பு. மழை பொய்த்தால் ஆட்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். இப்படி ஒரு ஊரில் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். மாலையானால் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது. வீட்டில் நச்சரித்து ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அந்த ஒரு நாளின் கூலி போயிற்று. சளி கொடுக்கிறார். சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். "நெகட்டிவ்" என்று ஒரு சீட்டு வருகிறது. இருமல் மருந்தோடு வீடு திரும்புகிறார். அடுத்த வாரம் பெங்களூர் பேருந்தில் ஏறிவிடுகிறார்.

அந்தச் சீட்டு என்ன சொல்கிறது என்பதில்தான் இந்த விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாங்கியவர் அதை "டிபி இல்லை" என்று படிக்கிறார். சீட்டு அப்படிச் சொல்லவில்லை. சாதாரண நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமி கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய பத்தாயிரம் கிருமிகள் இருந்தாக வேண்டும். இரண்டாயிரம் இருந்தால் சீட்டு "நெகட்டிவ்" என்றே வரும். ஐயாயிரம் இருந்தாலும் அநேகமாக அப்படித்தான். அந்தச் சீட்டின் உண்மையான பொருள் "இல்லை" அன்று, "தெரியவில்லை". இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு மனிதனின் நுரையீரல் இருக்கிறது.

ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்க்கும் அந்த முறைதான், சில மாற்றங்களோடு, நூறாண்டுக்கும் மேலாக நம் ஊர்களின் ஒரே கண்ணாக இருந்தது. அந்தக் கண்ணைக் குறைசொல்ல மாட்டேன். ஒவ்வொரு தகட்டிலும் நூறு புலங்களைப் பொறுமையாகத் தேடிய லேப் டெக்னீஷியன்கள் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த முறை, நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரைத் தவறவிடுகிறது. 1882-இன் கண்ணை வைத்துக்கொண்டு, இதுதான் கிராமத்துக்குத் தகுந்தது என்று சொன்னால் அதை எளிமை என்று என்னால் ஏற்க முடியாது. அது ஏழையின் உடம்புக்கு நாம் குறித்த மலிவு விலை.

நகரத்தில் இருப்பவருக்கு ஒரு சோதனை தவறினால் இன்னொன்று கிடைக்கும். சளியில் தெரியாவிட்டால் எக்ஸ்ரே, அதிலும் சந்தேகம் என்றால் சி.டி. ஸ்கேன், அதற்கும் மேலே ஒரு சிறப்பு மருத்துவர். மூன்று முறை போய்வர ஆட்டோ உண்டு, விடுப்பு உண்டு. அவரிடம் கொஞ்சம் மங்கலான சோதனை இருந்தால்கூட, பல முறை பார்ப்பதால் குறை சரியாகிவிடும். மல்லாட்டை பிடுங்கப் போகிறவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறைதான் வருவார். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவ உதவியையும் நாடவில்லை என்று தெரிந்தது. பத்துப் பேரில் ஆறு பேர் வாசலுக்கே வருவதில்லை. வந்தவரையும் "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினால் அவர் எப்போது திரும்ப வருவார்? ரத்தம் துப்பும்போது வருவார். ஒரே ஒரு முறை பார்க்கக் கிடைக்கும் இடத்தில்தான் பார்வை மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கை நாம் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறோம்.

எளிமையை ஆதரிப்பவர்கள் இங்கே ஒரு பெரிய சான்றை எடுத்து வைப்பார்கள். அது நம் சென்னையிலேயே நடந்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்த நோயாளிகளையும், நெரிசலான வீட்டில் அரை வயிற்றோடு இருந்தபடி மாத்திரை சாப்பிட்ட நோயாளிகளையும் அங்கே ஒப்பிட்டார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். மலையடிவாரச் சானடோரியங்களின் காலம் அத்தோடு முடிந்தது. "பார்த்தீர்களா, எளிமையே வென்றது. ஆடம்பரம் தேவையில்லை என்று சென்னையே நிரூபித்துவிட்டது" என்கிறார்கள்.

சென்னை நிரூபித்தது அதையல்ல. குணமாகிவிட்டார் என்று அந்த மையம் எதை வைத்துச் சொன்னது? இருமல் நின்றதை வைத்தா, முகம் தெளிந்ததை வைத்தா? நோயாளிகளின் சளியைத் திரும்பத் திரும்ப எடுத்து, கிருமி வளர்ப்புச் சோதனை செய்து, வளர்கிறதா இல்லையா என்று மாதக்கணக்கில் பார்த்து எழுதினார்கள். அந்நாளில் கிடைத்த மிக நுண்ணிய சோதனை அதுதான். அந்தக் கூர்மையான பார்வை இல்லாவிட்டால், வீட்டுச் சிகிச்சை போதும் என்று சொல்லும் துணிவு யாருக்கும் வந்திருக்காது. சிகிச்சை எளிதானது, பார்வை கூர்மையாக இருந்ததால்தான். கட்டிலையும் கட்டடத்தையும் விட்டுவிடலாம், கண்ணை விடக்கூடாது என்பதே 1959 சொல்லும் பாடம். அதே ஆய்வைக் காட்டி மங்கிய சோதனையை நியாயப்படுத்துவது அந்த மையத்துக்கே இழைக்கும் அநீதி.

அடுத்து வருவது பணம். நுண்ணிய சோதனை என்றாலே பெரிய கருவி, குளிர்சாதன அறை, வெளிநாட்டு நிபுணர் என்று ஒரு படம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. இந்தப் படம் தவறானது. ஏன் தவறு என்பது கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தன்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்போம். அண்ணாமலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவோம். கடைத்தெருவில் டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் தீபம் சரியாகத் தெரியாது. ஏரிக்கரைக்குப் போங்கள், அதே தீபம் பளிச்சென்று தெரியும். தீபம் பெரிதாகவில்லை, சுற்றிலும் இருட்டாகிவிட்டது, அவ்வளவுதான். நுண்ணிய ஒளிச் சோதனைகளின் சூட்சுமம் முழுவதும் இதுதான். தடயத்தின் வெளிச்சத்தைப் பெரிதாக்குவதைவிட, அதைச் சுற்றியுள்ள வேண்டாத வெளிச்சத்தை அணைப்பது மேல்.

1996-இல் நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் பிரெட் கிரேமரும் வடிவமைத்த மூலக்கூறு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டையூசி போல மடிந்த ஒரு சிறு டிஎன்ஏ இழை. அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறு முனையில் அந்த ஒளியை விழுங்கும் பொருள். இரண்டும் ஒட்டியிருக்கும் வரை இருட்டு. தேடும் கிருமியின் மரபிழை எதிர்ப்பட்டால் மட்டும் ஊசி விரிந்து அதோடு சேர்ந்துகொள்ளும், சாயம் விழுங்கியிடமிருந்து விலகும், ஒளி பிறக்கும். கிருமி இல்லாத இடத்தில் வெளிச்சமே கிடையாது. இந்தக் கருத்தின் மேல் எழுந்ததுதான் 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை. பத்தாயிரம் கிருமி கேட்ட இடத்தில் அதற்கு ஒரு மில்லிலிட்டரில் 131 போதும். அதற்குப் பின் வந்த அல்ட்ராவுக்கு ஏறக்குறைய 16. முக்கியமான காசநோய் மருந்தான ரிபாம்பிசின் அந்தக் கிருமியிடம் பலிக்குமா என்பதையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும்.

அந்தக் கருவிக்கு ஏ.சி. அறையும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும் என்பது உண்மை. அதற்கும் பதில் வந்துவிட்டது, நம் பக்கத்திலிருந்தே வந்தது. கோவாவின் மோல்பயோ நிறுவனமும் பெங்களூரின் பிக்டெக் ஆய்வகமும் உருவாக்கிய ட்ரூநாட் மேசைமேல் வைக்கும் அளவுதான். பேட்டரியில் ஓடும். ஒரு சிறு சிப்பில் கிருமியின் மரபிழையைப் பெருக்கி, ஒளிரும் சாயத்தால் அறியும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெயிலையும் தூசியையும் மனத்தில் வைத்தே வடிவமைத்த கருவி அது. 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. சாதாரண நுண்ணோக்கியிலேயே, ஒளிர்சாயச் சோதனைக்கு வழக்கமான பாதரச விளக்குக்குப் பதில் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, ஆரமின் என்ற ஒளிர்சாயம் ஏற்றிப் பார்த்தால் கருப்புப் பின்னணியில் கிருமி மஞ்சளாக மின்னும். பழைய முறையைவிட ஏறக்குறையப் பத்து விழுக்காடு கூடுதலாகக் கண்டுபிடிக்கும். பாதரச விளக்கு சில நூறு மணி நேரத்தில் அணைந்துவிடும், எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் எரியும். இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது?

இதெல்லாம் வெளியிலிருந்து வரும் வித்தை, நமக்கு ஒட்டாது என்று நினைப்பவர்கள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனை நினைத்துக்கொள்ள வேண்டும். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அவர் கண்டது, நோய்த்தடயம் தேடும் ஒளியியலின் அடித்தளங்களில் ஒன்று. ஒரு பொருளின் மேல் படும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு துகள் நிறம் மாறித் திரும்புகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும் கைரேகை. அந்தக் கோடியில் ஒன்றை ராமனும் அவரோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணனும் முதலில் பார்த்தது சூரிய ஒளி, வில்லைகள், வண்ணக் கண்ணாடிகள், வெறும் கண் இவற்றைக் கொண்டுதான். 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறு எதிர்பாராத வலுவில் அந்தக் கைரேகையைக் காட்டியது. வெள்ளிப் பரப்பே அதை லட்சக்கணக்கான மடங்கு பெருக்குகிறது என்று மூன்றாண்டில் புரிந்தது. ரத்தத்திலும் உமிழ்நீரிலும் நோய்த்தடயம் தேட உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இன்று அதைச் சோதித்துவருகின்றன. நுண்மை பணத்தால் வாங்குவதல்ல, யோசனையால் பிறப்பது. அதற்குத் தமிழ் மண்ணில் பிறந்தவரே சாட்சி.

எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் மிகவும் மதிப்பது இனி சொல்லப்போவதுதான். கூர்மை கூடக்கூடப் பொய் எச்சரிக்கையும் கூடும், நோயில்லாதவரை நோயாளியாக்கிவிடுவோம் என்கிறார்கள். தென்கொரியாவைக் காட்டுகிறார்கள். அங்கே கழுத்தை ஸ்கேன் எடுப்பது வழக்கமான பிறகு, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கண்டுபிடிப்பு பதினைந்து மடங்கு ஏறியது. ஆனால் அந்த நோயால் இறந்தவர் எண்ணிக்கை மாறவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராமல் இருந்திருக்கும் கட்டிகளைத் தேடிப்பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் கழுத்தை அறுத்தார்கள். இது நடந்த உண்மை. இதை மறந்துவிட்டு யாரும் நுண்சோதனை பற்றிப் பேசக்கூடாது.

ஆனால் கொரியாவின் தவறு கூர்மையில் இல்லை. எந்தக் குறையும் இல்லாமல் நடமாடியவர்களைப் படுக்கவைத்துத் தேடியதில் இருந்தது. நான் கேட்பது மூன்று வாரமாக இருமுகிறவருக்கு. கணக்குப் போட்டே பார்க்கலாம். இருமலோடு வந்த ஆயிரம் பேரில் நூறு பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். பழைய நுண்ணோக்கி ஏறக்குறைய ஐம்பது பேரைப் பிடிக்கும், ஐம்பது பேரை வீட்டுக்கு அனுப்பும். பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டதில் ஜீன்எக்ஸ்பர்ட் நூற்றுக்கு 85 நோயாளிகளைச் சரியாகப் பிடிக்கிறது, நோயில்லாத நூறு பேரில் 98 பேரைச் சரியாக விடுவிக்கிறது. அப்படியானால் 85 பேர் கிடைப்பார்கள். நோயில்லாத 900 பேரில் 18 பேர் மேல் தவறான சந்தேகம் விழும். அந்தப் பதினெட்டுப் பேரையும் எக்ஸ்ரேயும் கிருமி வளர்ப்பும் பிரித்துவிடும். பழைய முறையிலும் இப்படிச் சிலர் மாட்டத்தான் செய்தார்கள். கூடுதலாகக் கிடைத்தவர்கள் முப்பத்தைந்து பேர். சிகிச்சை பெறாத காசநோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். சிகிச்சை இல்லாமல் இருக்கும் ஒருவர் ஓராண்டில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை தொற்றவைக்கக்கூடும். முப்பத்தைந்து பேர் என்றால் முப்பத்தைந்து வீடுகள், முப்பத்தைந்து தொட்டில்கள், பெங்களூரில் தகரக் கொட்டகையில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்கள். இந்த எடையைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் பிறகு பொய் எச்சரிக்கையைப் பற்றிப் பேசுவோம்.

தடயம் இருக்கிறது என்று சொல்லுமுன் அதை உறுதிசெய்யும் திறனும் இதே ஒளியியலில் உண்டு. ரத்தத்துக்கே ஒரு மங்கலான ஒளிர்வு இருக்கிறது. ஒளியைப் பாய்ச்சினால் அதுவும் மின்னி நம்மை ஏமாற்றும். ஆனால் அந்த மின்னல் நானோ நொடிகளில் அணைந்துவிடும். யூரோப்பியம் என்ற தனிமத்தின் ஒளி அதைவிட லட்சம் மடங்கு நேரம் நீடிக்கும். ஆகவே ஒளியைப் பாய்ச்சி, கண நேரம் காத்திருந்து, பொய்யொளி அணைந்த பிறகு பார்க்கிறார்கள். எஞ்சி நிற்பது தேடிய தடயத்தின் ஒளி. பொய்யைக் குறைப்பதால்தான் கூர்மை கூடுகிறது. கூர்மையும் பொய்யும் ஒன்றாகத்தான் வளரும் என்பது விதி அல்ல.

இன்னொரு தரப்பு, சோறு போடுங்கள் என்கிறது. "காசநோய் வறுமையின் நோய். கருவிக்குச் செலவிடும் பணத்தில் பருப்பும் எண்ணெயும் வாங்கிக் கொடுங்கள்." இதில் பாதி முழு உண்மை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, நோயாளியின் வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் அந்த உணவு எந்த வீட்டுக்குப் போயிற்று? நோயாளி இருப்பதாகத் தெரிந்த வீட்டுக்கு. நம் அரசு 2018 முதல் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அந்தப் பணம் பெயர் பதிவான பிறகே வங்கிக் கணக்கில் விழும். "நெகட்டிவ்" சீட்டோடு திரும்பியவருக்கு மாத்திரையும் இல்லை, பருப்பும் இல்லை. மங்கிய சோதனை அவரிடமிருந்து மருந்தோடு சோற்றையும் பறித்துவிடுகிறது. உணவா, சோதனையா என்று கேட்பவர்கள் உணவின் வாசலில் நிற்பதே சோதனைதான் என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

காசநோய் ஒன்றோடு இது முடியவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது. நாட்டுக்கே முன்னோடியான வேலை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சிறுநீரகம் என்ன நிலையில் இருக்கிறது? சர்க்கரையால் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது நாளுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் வரை ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். இந்த அளவை வழக்கமான சிறுநீர்ப் பட்டை பெரும்பாலும் காட்டாது. பட்டை நிறம் மாறாவிட்டால் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி அனுப்புவார்கள். இங்கேயும் அதே பிழை, "தெரியவில்லை" என்பது "இல்லை" ஆகிவிடுகிறது. ஆல்புமினைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சிறுநீரில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத கலங்கல் உண்டாகும். ஒரு ஒளிக்கற்றையைச் செலுத்தி அது எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் கசிவு பிடிபடும். அந்தக் கட்டத்தில் எனாலாப்ரில் போன்ற மலிவான மாத்திரை சிதைவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும். தவறவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் பேருந்து, துணைக்கு ஒரு ஆள், அந்த ஆளின் கூலி. எது சிக்கனம் என்று அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா நுண்சோதனையும் எல்லா ஊருக்கும் இன்றே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறதி நோயின் புரதத் தடயத்தை ரத்தத்திலேயே பிடிக்கும் ஒரு சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அருமையான அறிவியல். ஆனால் கண்டுபிடித்த பின் கையில் கொடுக்க மருந்து இல்லாத இடத்தில் அது முதல் தேவை ஆகாது. அளவுகோல் ஒன்றுதான்: கண்டுபிடித்தால் அடுத்த நாளே செய்ய ஏதாவது இருக்கிறதா? காசநோய்க்கு இருக்கிறது. கசியும் சிறுநீரகத்துக்கு இருக்கிறது. இருந்தும் நாம் சுணங்குவதுதான் எனக்கு ஆற்றாமை.

கண்டுபிடித்ததும் செயல்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாடே எடுத்துக்காட்டு. 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான அன்றே சில எளிய அளவுகளைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். உடல் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது, அத்தோடு விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் அளவு. ஆக்சிமீட்டர் முழுக்க முழுக்க ஒளிக்கருவி. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவும்போது எது எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ரத்தத்தின் ஆக்சிஜனைச் சொல்கிறது. 94-க்குக் கீழே போனால் ஆபத்து. 1974-இல் ஜப்பானின் தகுவோ அயோயாகி முன்வைத்த கருத்து இன்று ஊர்ப்புறத்துச் செவிலியரின் பையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இதையும் பெரிய ஆஸ்பத்திரிக்குரியது என்றுதான் சொன்னார்கள்.

அந்தச் சிறு கருவியிலும் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தை நேரடியாகச் சோதித்தால் ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. தோலின் கருமை ஒளியை ஏமாற்றியிருக்கிறது. வயல் வெயிலில் கறுத்த நம் விரல்களில் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? எங்கோ யாருடைய தோலிலோ சரிபார்த்த கருவியை வாங்கி மாட்டிக்கொள்வதோடு நின்றால் இந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை. நம் ஊர்த் தோலில், நம் ஊர் வெப்பத்தில், நம் ஊர் ரத்தசோகையில் அளந்து பார்த்துச் சரிசெய்யும் வேலை நம்முடையது. சின்ன ஊருக்கு நுண்சோதனை எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை, நுண்சோதனை சின்ன ஊர்க்காரரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

நான் கேட்பது பெரிதல்ல. இருமலோடு முதல் நாள் வருகிறவரின் சளி அன்றைக்கே மூலக்கூறுச் சோதனைக்குப் போக வேண்டும். பழைய நுண்ணோக்கியின் "நெகட்டிவ்" அதற்குத் தடையாக நிற்கக் கூடாது. கருவி வைத்த இடத்தில் சிப்பும் பேட்டரியும் தீராமல் இருக்க வேண்டும். தீர்ந்துபோன சிப்போடு நிற்கும் கருவி வெறும் பெட்டி. சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருவதுபோல ஆண்டுக்கு ஒரு முறை ஆல்புமின் சோதனையும் வர வேண்டும். இவை எல்லாம் வந்து சேரும் வரை, ஒவ்வொரு சோதனைச் சீட்டிலும் தமிழில் ஒரு வரி அச்சாக வேண்டும்: "இந்தச் சோதனையில் தெரியவில்லை. அறிகுறி தொடர்ந்தால் மறுபடி வாருங்கள்."

அந்த வரியைப் படித்தவர் பெங்களூர் பேருந்தில் ஏறுமுன் ஒரு கணம் நிற்பார். சீட்டை மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், தூக்கி எறிய மாட்டார். "இல்லை" என்பது அவருக்கு நாம் சொன்ன பொய். "தெரியவில்லை" என்பது அவருக்குச் சேர வேண்டிய உண்மை. நல்ல ஒளிச் சோதனை அந்த உண்மையையும் தாண்டி, "இருக்கிறது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும்" என்று சொல்லும். அந்த வாக்கியத்தைக் கேட்க இருபது கிலோமீட்டரும் இரண்டு நாள் கூலியும் கொடுத்தாக வேண்டும் என்று கீழ்பென்னாத்தூர்க்காரரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.